மொழியியல் பட்டம் சோறு போடுமா? கேட்க வேண்டிய கேள்விதான்

மொழியியல் படிக்கிறேன் என்று சொல்பவரிடம் நம்மவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. “அப்படியென்றால் ஆசிரியராகப் போகிறாயா?” என்பார்கள். அல்லது “அதற்கு எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?” என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு முகம் சுளிக்கும் மாணவர்கள் உண்டு. மொழிப்பற்று இருக்கும் இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவது தரக்குறைவு என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி நான். இன்னும் இரண்டு ஆண்டுகளில், பயன்பாட்டு மொழியியலில் முதுநிலைப் பட்டத்திற்கு விண்ணப்பிப்பதா, வேலைக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டும். கட்டணம் யார் கொடுப்பது, வீட்டுச் செலவுக்கு எப்போது கைகொடுப்பது என்ற கேள்விகள் என் வீட்டிலும் உண்டு. சம்பளத்தைப் பற்றிக் கேட்பது கௌரவக் குறைவு என்று ஒதுக்கிவிட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும். மற்றவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் சரியாகக் கேட்க வேண்டும். “இந்தப் பட்டத்திற்கு எவ்வளவு சம்பளம்?” என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

துறை எதைப் பற்றியது?

மொழியியல் ஒரு மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராய்கிறது. மொழியால் மனிதர்களுக்கு ஏற்படும் சிக்கல்களுக்கு அந்த அறிவைக் கொண்டு தீர்வு தேடுவது பயன்பாட்டு மொழியியல். பிள்ளைகள் இரண்டாம் மொழியை எப்படிக் கற்கிறார்கள், தேர்வுத்தாளை எப்படி அமைப்பது, நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதைச் சரியாக மொழிபெயர்ப்பது எப்படி, கணினிக்குப் பேச்சைப் புரியவைப்பது எப்படி என்பவையெல்லாம் இதற்குள் வரும்.

நம் தமிழ் வகுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் “வர்றேன்” என்கிறோம். கட்டுரையில் “வருகிறேன்” என்று எழுதுகிறோம். ஒரே மொழிக்குள் பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என இரு வழக்குகள் அருகருகே வாழும் நிலையை, 1959ஆம் ஆண்டில் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் தம் புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை தமிழ் வகுப்புக்கு வந்தால், இந்த இரண்டில் எதை முதலில் கற்றுத் தருவது? நம் கல்வி அமைச்சின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டது. வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நம்மில் பலர் தொடக்கப்பள்ளியில் கற்ற விதத்தையே மாற்றிய முடிவு அது. இத்தகைய முடிவுகளுக்குப் பின்னால் நிற்கும் துறைதான் பயன்பாட்டு மொழியியல்.

சிங்கப்பூரில் இதைப் படிக்க வழியுண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மொழியியல், பன்மொழி ஆய்வுத் துறை இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழியுடன் மொழியியலைப் படிக்கலாம். தேசியக் கல்விக் கழகம் பயன்பாட்டு மொழியியலில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

சம்பளம் என்றதும் நாம் தேடுவது பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வைத்தான். 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்த புதிய பட்டதாரிகளின் இடைநிலை மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. அதற்கு முந்திய ஆண்டில் அது 4,313 வெள்ளியாக இருந்தது. ஆனால் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்களின் விகிதம் 84.1 விழுக்காட்டிலிருந்து 79.5 விழுக்காட்டிற்கு இறங்கியது. சம்பளம் கூடியது, வேலை கிடைத்தவர்களின் பங்கு குறைந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த எண்களைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களை மறக்கக்கூடாது. முதலாவது, ‘இடைநிலை’ என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது, இது எல்லாத் துறைகளுக்கும் சேர்த்த எண். தகவல் தொழில்நுட்பப் பட்டதாரிகள் 5,000 வெள்ளிக்கு மேல் தொடங்குகிறார்கள். மனிதவியல், சமூக அறிவியல் பட்டதாரிகள் பொதுவாக இடைநிலைக்குக் கீழே தொடங்குகிறார்கள். மூன்றாவது, இது முதல் பட்டம் பெற்றவர்களைப் பற்றிய ஆய்வு. முதுநிலைப் பட்டம் பெற்றவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதற்கு இதில் பதில் இல்லை.

மூன்றாவது விஷயம் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இளநிலைப் பட்டத்திற்கு இவ்வளவு விவரம் வெளியிடும் நாம், பல்லாயிரம் வெள்ளி செலவு பிடிக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கும் அதே அளவு விவரத்தை ஏன் வெளியிடக்கூடாது? படிப்பை முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், முன்பு எவ்வளவு வாங்கினார்கள், இப்போது எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் போட்டால் போதும். விளம்பரச் சிற்றேடுகளில் சிரிக்கும் முகங்கள் நிறைய இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது அட்டவணை.

பட்டத்திற்குச் சம்பளம் இல்லை, வேலைக்குத்தான்

‘பயன்பாட்டு மொழியியலாளர் தேவை’ என்று வேலை விளம்பரம் வருவது அரிது. கணக்காய்வாளர், தாதி, பொறியாளர் என்ற பெயர்களில் வருவதுபோல் இதில் வருவதில்லை. அதனால்தான் பட்டத்தை வைத்துச் சம்பளத்தைக் கணிக்க முடியாது என்கிறேன். இந்தப் படிப்பு போய்ச் சேரும் வேலைகள் பல. ஒவ்வொன்றுக்கும் வேறு நுழைவாயில், வேறு சம்பளம். நான்கை மட்டும் பார்ப்போம்.

முதலாவது கற்பித்தல். பள்ளி ஆசிரியராக முதுநிலை மொழியியல் பட்டம் தேவையில்லை. முதல் பட்டமும் தேசியக் கல்விக் கழகத்தின் ஆசிரியர் பயிற்சியும்தான் வாயில். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் கிடைக்கும். 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஆசிரியர்களின் மாதச் சம்பளம் 5 முதல் 10 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. பணியில் சேர்ந்த பிறகு கற்பித்தல், தலைமைத்துவம், மூத்த வல்லுநர் என்று மூன்று பாதைகள் இருக்கின்றன. பாடத்திட்டம், தேர்வு, மொழிக் கல்வி ஆய்வு ஆகியவற்றில் ஆழமாகப் போக விரும்புபவருக்கு முதுநிலைப் பட்டம் அப்போது கைகொடுக்கும். படிப்பு விடுப்பும் உதவித்தொகையும் பெற்றுப் படிக்கும் ஆசிரியர்களும் உண்டு. இந்தப் பாதையில் பட்டம் நுழைவுச்சீட்டு இல்லை. பணியில் இருப்பவர் இன்னொரு படி ஏற உதவும் ஏணி.

இரண்டாவது மொழிபெயர்ப்பு. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் 2014ஆம் ஆண்டில் பார்த்தோம். லாவ் பா சாட் உணவங்காடிக்கு வழிகாட்டும் பலகையில், ‘சாட்’ என்ற சொல்லைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு, தமிழில் ‘சனி’ என்று எழுதியிருந்தார்கள். சாப்பிடப் போகிறவர்களைச் சனி வரவேற்றது! சிரித்துவிட்டோம். ஆனால் அதே கவனக்குறைவு மருந்துக் குறிப்பிலோ வேலையிடப் பாதுகாப்பு அறிவிப்பிலோ நடந்தால் சிரிக்க முடியாது. அதே ஆண்டில்தான் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டது. இன்று மொழிபெயர்ப்புக்கென்றே அரசாங்க உபகாரச் சம்பளம் இருக்கிறது. அரசாங்கத் தகவல் பணி, ஊடகம், நீதிமன்றம் ஆகியவை இந்தத் துறையில் நிலையான வேலை தரும் இடங்கள்.

நீதிமன்ற உரைபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. “தெரியாம செஞ்சுட்டேன்” என்று ஒருவர் தமிழில் சொல்கிறார். அது தவறு என்று அறியாமல் செய்தேன் என்கிறாரா? கை தவறி நடந்துவிட்டது என்கிறாரா? அல்லது, மன்னித்துவிடுங்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாரா? தமிழில் இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கும். ஆங்கிலத்தில் மூன்று வேறு வாக்கியங்கள் வேண்டும். சட்டத்தில் நோக்கம் முக்கியம் என்பதால், எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் ஒருவருடைய வாழ்க்கை மாறலாம். இரண்டு மொழியும் தெரிந்தால் போதும் என்று இருப்பவருக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படாமலே போகலாம். பயிற்சி பெற்றவருக்கு உடனே தெரியும்.

மூன்றாவது பேச்சு, மொழிச் சிகிச்சை. இங்கேதான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். பயன்பாட்டு மொழியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு பேச்சுச் சிகிச்சையாளராகப் பதிவுசெய்ய முடியாது. சிங்கப்பூரில் அது சட்டப்படி பதிவு பெற வேண்டிய தொழில். அதற்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்பு வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டில் இதற்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் 2020ஆம் ஆண்டில் இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் இருப்பவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்வது நல்லது.

இந்தத் துறையில் தமிழ் தெரிந்தவரின் அருமை தனி. பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்ட, வாழ்நாளெல்லாம் தமிழே பேசிய ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சொல் மறந்துவிட்டதா, இலக்கணம் குலைந்துவிட்டதா என்பதை ஆங்கிலத்தில் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்தாலும் பயன் குறைவு. ஆங்கிலம் பல சொற்களில் சொல்வதைத் தமிழ் ஒரு வினைச்சொல்லின் விகுதியில் சொல்லிவிடும். பிள்ளைகளிடமும் இதே சிக்கல் உண்டு. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொல்லும் சிறுவனுக்குப் பேச்சுக் குறைபாடா, அல்லது அவன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களா? இதைப் பிரித்தறிய மொழியியலும் வேண்டும், நம் வீடுகளைப் பற்றிய அறிவும் வேண்டும்.

நான்காவது தொழில்நுட்பம். ‘ஏஐ சிங்கப்பூர்’ 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சீ-லயன்’ பெருமொழி மாதிரி, தென்கிழக்காசிய வட்டாரத்திற்கென 11 மொழிகளைக் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று. இத்தகைய திட்டங்களுக்கு நிரலாளர்கள் மட்டும் போதாது. நாம் எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் வேறு. போதாததற்கு “எம்ஆர்டி ஸ்டேஷன்ல வெயிட் பண்றேன் லா” என்று மூன்று மொழிகளைக் குழைத்துப் பேசும் சிங்கப்பூர்த் தமிழ் ஒன்றும் இருக்கிறது. கணினி சொன்ன பதில் சரியா, இயல்பா, மரியாதையாக இருக்கிறதா என்று மதிப்பிட மொழியறிந்தவர் தேவை. பாட்டியிடம் “நீ சாப்பிட்டாயா?” என்று கேட்கும் இயந்திரம் இலக்கணப்படி சரிதான், ஆனால் வீட்டில் அடி வாங்கும்!

நான்கில் மேல்நோக்கிய சம்பள வாய்ப்பு அதிகமாக இருப்பது இங்கேதான். ஆனால் அந்தச் சம்பளம் மொழியியலுக்கு மட்டும் கிடைப்பதில்லை. பைத்தான் நிரலும் புள்ளியியலும் தெரிந்த மொழியியலாளருக்கே கிடைக்கிறது. அவை தெரியாவிட்டால் தரவுக்குக் குறியிடும் தற்காலிக வேலையோடு நின்றுவிட நேரலாம். நிரந்தரப் பணியிடங்களும் இப்போதைக்குச் சிலவே.

ஓர் எளிய கணக்கு

இனி என் கருத்தின் மையத்திற்கு வருகிறேன். முதல் பட்டம் முடித்த கையோடு, முழுநேரமாக, சொந்தச் செலவில் பயன்பாட்டு மொழியியல் முதுநிலைப் படிப்பில் சேர்வது நம்மில் பெரும்பாலோருக்கு நல்ல முடிவு இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மாதம் 3,800 வெள்ளி சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு படிக்கப் போனால் 45,600 வெள்ளிச் சம்பளத்தை இழக்கிறார். முதலாளி செலுத்தியிருக்கக்கூடிய 17 விழுக்காடு மத்திய சேமநிதிச் சந்தா 7,752 வெள்ளி. இரண்டையும் கூட்டினால் 53,352 வெள்ளி. இதில் கல்விக் கட்டணம் சேரவில்லை.

பட்டம் பெற்ற பிறகு மாதம் 300 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது என்போம். சேமநிதியோடு சேர்த்து ஆண்டுக்கு 4,212 வெள்ளி. இழந்ததை மீட்க ஏறக்குறைய 13 ஆண்டுகள் ஆகும். மாதம் 800 வெள்ளி கூடினால் ஐந்து ஆண்டுகளுக்குள் மீட்டுவிடலாம். ஆகவே, “இந்தப் பட்டம் எவ்வளவு சம்பளம் தரும்?” என்று கேட்பதைவிட, “நான் போக நினைக்கும் வேலையில், பட்டம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் சம்பள வேறுபாடு எவ்வளவு?” என்று கேளுங்கள். அந்த எண்ணைப் பல்கலைக்கழகச் சிற்றேடு சொல்லாது. அந்த வேலையில் இருக்கும் அக்கா, அண்ணன் யாரையாவது தேடிப் பிடித்துக் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு, மூன்று ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, பிறகு பகுதிநேரமாகப் படித்தால் இந்தக் கணக்கு அடியோடு மாறுகிறது. சம்பளம் நிற்காது. முதலாளி கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கக்கூடும். அதைவிட முக்கியம், எந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடிப் படிக்கிறோம் என்பது தெரிந்திருக்கும். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளோடு போராடியவருக்கு இரண்டாம் மொழிக் கற்றல் கோட்பாடு உயிருள்ள பாடம். அந்த அனுபவம் இல்லாதவருக்கு அது தேர்வுக்கான குறிப்பாகத் தங்கிவிடலாம்.

“வேலைக்குப் போனால் படிப்புக்குத் திரும்பவே மாட்டாய்” என்று சிலர் எச்சரிக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. திருமணம், வீட்டுக் கடன், பெற்றோரின் உடல்நிலை என்று தடைகள் வரிசையாக வரும். ஆனால் மூன்று ஆண்டு வேலைக்குப் பிறகு அந்தப் படிப்பு தேவை என்று தோன்றவில்லை என்றால், முன்பே படித்திருந்தாலும் அது பெரிதாகப் பயன்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். விதிவிலக்குகளும் உண்டு. பேச்சுச் சிகிச்சைபோல் பட்டமே உரிமமாக இருக்கும் துறைகளில் தாமதிக்க வேண்டியதில்லை. ஆய்வையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்பி, உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தவர்களும் தயங்க வேண்டியதில்லை.

“கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்”

தமிழ் மாணவர்களுக்கென்று தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. தமிழோடு மொழியியலும் தெரிந்தவர்கள் குறைவு, எனவே மதிப்பு அதிகம் என்று சிலர் நம்பிக்கை ஊட்டுகிறார்கள். இது பாதி உண்மை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010ஆம் ஆண்டில் அது 3.3 விழுக்காடு. அறிந்தவர்கள் குறைவு என்பதுபோல் வாடிக்கையாளர்களும் குறைவு. சந்தை தானாக நல்ல விலை தரும் என்று காத்திருக்க முடியாது. நம் மொழி அதிகாரத்துவ மொழியாக இருப்பதால் அரசாங்கமும் பள்ளிகளும் ஊடகமும் தரும் வேலைகள்தாம் முதுகெலும்பு.

அதனால்தான் இன்னொரு பழக்கம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் வேலைப்பயிற்சியில் இருந்தேன். எனக்குக் கொடுத்த வேலைக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. இரண்டாம் வாரத்தில், நான்கு பக்கத் தமிழ்ச் சிற்றேடு ஒன்று என் மேசைக்கு வந்தது. “நீ தமிழ்தானே, கொஞ்சம் பார்த்துச் சொல்” என்றார்கள். இயந்திரம் மொழிபெயர்த்தது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. பார்த்துச் சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை, திரும்ப எழுதத்தான் வேண்டும். இரண்டு மாலைகள் போயின. அதே சிற்றேட்டின் வடிவமைப்புக்கு வெளியிலிருந்து ஒருவரை அமர்த்திப் பணம் கொடுத்திருந்தார்கள்.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தமிழ் என்பது பிறப்போடு வருவது, அதற்கு உழைப்பு தேவையில்லை என்பது அவர்கள் நினைப்பு. ஆனால் நம் அலுவலகங்களில் தமிழர் பலருக்கு இது நடக்கிறது. நாமும் பெருமையோடு செய்து கொடுத்துவிடுகிறோம். கோயில் நிகழ்ச்சிக்கோ சமூக மன்றத்திற்கோ தொண்டாகச் செய்வது வேறு. லாபம் ஈட்டும் நிறுவனத்திற்கு இலவசமாகச் செய்து கொடுக்கும் ஒவ்வொரு பக்கமும், அந்த வேலைக்கு ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்த வேண்டிய தேவையைக் குறைக்கிறது. பிறகு, “தமிழ் படித்தால் வேலை இல்லை” என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

“செய்து தருகிறேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்கிறேன், அதற்கான ஊதியத்தைப் பேசிக்கொள்வோம்” என்று பணிவாகச் சொல்லப் பழக வேண்டும். பயிற்சியில் இருப்பவர் ஊதியம் கேட்க முடியாவிட்டால், குறைந்தது அந்த வேலை தம் மதிப்பீட்டு அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்றாவது கேட்கலாம். உழைப்புக்கு விலை இருக்கிறது என்பதை நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

இயந்திரம் வந்துவிட்டதே?

மொழிபெயர்ப்பை இயந்திரம் செய்துவிடும், இனி இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். எளிய, திரும்பத் திரும்ப வரும் வாசகங்களை இயந்திரம் ஏற்கெனவே செய்கிறது. 2022ஆம் ஆண்டு முதல் பொதுமக்களும் பயன்படுத்தும் ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்’ தளம், சிங்கப்பூர்ச் சூழலுக்கென்றே பழக்கப்பட்ட இயந்திர மொழிபெயர்ப்பைத் தமிழிலும் தருகிறது. பக்கத்திற்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைப்பு நடத்தும் காலம் சுருங்கும் என்றுதான் நினைக்கிறேன். இயந்திரம் எழுதியதைத் திருத்தும் வேலைக்கு, புதிதாக மொழிபெயர்ப்பதைவிடக் குறைவாகவே கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் பிழைக்குப் பொறுப்பேற்பது யார் என்ற கேள்வி இருக்கும் இடங்களில் மனிதர் தேவைப்படுவார். நீதிமன்றம், மருத்துவமனை, தேர்வுத்தாள், அரசாங்க அறிவிப்பு ஆகியவற்றில் கையெழுத்திட ஒருவர் வேண்டும். அந்த இடங்களை நோக்கிப் படிப்பவருக்கு எதிர்காலம் உண்டு. அகராதியைப் புரட்டும் வேகத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது சிரமம்.

இப்போது செய்யக்கூடியவை

உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறீர்களா? தமிழை விட்டுவிடாதீர்கள். கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்த மாணவர்கள் குறைவு என்பதுதான் உங்கள் பலம். தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இருந்தால், பேச்சுச் சிகிச்சை போன்ற உரிமம் தேவைப்படும் துறைகளின் நுழைவுத் தகுதியை இப்போதே பாருங்கள். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள், படிப்பின் பெயரை வைத்து வேலை தேடாமல், விரும்பும் வேலையின் விளம்பரங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பத்து விளம்பரங்களில் எத்தனை முதுநிலைப் பட்டம் கேட்கின்றன, எத்தனை அனுபவம் கேட்கின்றன என்று எண்ணினால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நான் அப்படி எண்ணிப் பார்த்துத்தான் என் முடிவை எடுத்தேன். பட்டம் முடித்ததும் வேலைக்குப் போவேன். அதற்குள் பைத்தான் பாடம் ஒன்றையும் புள்ளியியல் பாடம் ஒன்றையும் எடுத்து முடிப்பேன். முதுநிலைப் படிப்பு எங்கும் ஓடிவிடாது. அது எனக்கு எதற்கு என்று தெரிந்த நாளில் விண்ணப்பிப்பேன், முடிந்தால் வேறொருவர் பணத்தில்.